கொக்கை எண்ணி என்ன ஆகப்போகுது?

போன ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நெல்லைக்கு வடக்கே ஒரு குளத்துக்கரையில் நாங்கள் நான்கு பேர் நின்றுகொண்டிருந்தோம். கரைக்கு உள்பக்கம் தண்ணீர், வெளிப்பக்கம் கதிர் விட்டு நிற்கும் பிசான நெல். ஒருவர் தொலைநோக்கியில் பார்த்துச் சொல்ல, நான் தாளில் எழுதிக்கொண்டிருந்தேன். "நாமக்கோழி நாற்பது, ஐம்பது, அறுபது. சீழ்க்கைச் சிறகி ஒரு கூட்டம், நூத்தி இருபது போடு." மம்பட்டியைத் தோளில் போட்டபடி வந்த பெரியவர் ஒருவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அப்புறம் கேட்டார்: "என்ன தம்பி, கொக்க எண்ணி என்ன ஆகப்போகுது?"

பறவை இருந்தால் குளம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், அந்த மாதிரி ஏதோ சொன்னேன். அவருக்கு அது போதவில்லை. யோசித்துப் பார்த்தால் அது முழு உண்மையும் இல்லை. அவர் கேட்டதற்கு உருப்படியான பதில் சொல்லவே இதை எழுதுகிறேன்.

ஆராய்ச்சி என்றால் யாரோ எங்கிருந்தோ வந்து, தண்ணீரையும் மண்ணையும் எடுத்துக்கொண்டு போய், பட்டம் வாங்குவதற்காக எழுதுவது என்ற நினைப்பு நம் பக்கம் உண்டு. அந்த நினைப்புக்குக் காரணமும் இருக்கிறது. எடுத்துக்கொண்டு போனவர்களில் பலர் திரும்பி வந்து என்ன கண்டோம் என்று சொன்னதில்லை. என்னைக் கேட்டால், ஆறு, குளம், காடு பற்றிய ஆய்வு ஊருக்குப் பயன்பட இரண்டு காரியம் நடக்க வேண்டும். ஒரே இடத்தில், ஒரே முறையில், வருடம் தவறாமல் எண்ண வேண்டும். எண்ணிய கணக்கு எண்ணப்பட்ட ஊருக்கே திரும்பி வர வேண்டும். முதலாவதைத் தாமிரபரணிக் கரையில் ஓரளவு செய்திருக்கிறோம். இரண்டாவதில்தான் கோட்டை விடுகிறோம்.

பறவைக் கணக்கிலிருந்தே தொடங்கலாம். மணிமுத்தாறில் இருக்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையமும் உள்ளூர் இயற்கை ஆர்வலர் அமைப்புகளும் சேர்ந்து 2011 முதல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைகளை எண்ணி வருகின்றன. வலசைப் பறவைகள் வந்து தங்கியிருக்கும் ஜனவரியில், கல்லூரி மாணவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் விவசாயிகளும் குழு குழுவாகப் பிரிந்து குளத்துக்குக் குளம் போவார்கள். பறவையை மட்டும் எழுதுவதில்லை. குளத்தில் தண்ணீர் எவ்வளவு, அமலைச் செடி என்கிற ஆகாயத்தாமரை மூடியிருக்கிறதா, சாக்கடை வந்து விழுகிறதா, குப்பை கொட்டுகிறார்களா, கரையில் சீமைக்கருவேல் ஏறியிருக்கிறதா என்று குளத்தின் ஜாதகத்தையே எழுதுவார்கள்.

பெரியவரிடம் நான் சொன்ன பதிலில் இருந்த கோளாறு இங்கேதான். பறவை நிறைய இருந்தால் குளம் நல்ல குளம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. ஊர்ச் சாக்கடை கலக்கும் குளத்தில் சத்து கூடும், பாசியும் புழுவும் பெருகும், அதைத் தின்ன வரும் சில வகைப் பறவைகளும் கூடும். அப்படிப்பட்ட குளத்தில் மொத்த எண்ணிக்கை பெரிதாக இருக்கும், வகை குறைந்திருக்கும். மழை நன்றாகப் பெய்த வருடத்தில் இதற்கு நேர்மாறு நடக்கும். எல்லாக் குளமும் பெருகிக் கிடப்பதால் பறவைகள் பரவிப் போய்விடும். ஒரு குளத்தை மட்டும் பார்த்தால் குறைந்த மாதிரி தெரியும். ஒரு வருடக் கணக்கை வைத்துக்கொண்டு 'பறவை குறைந்துவிட்டது' என்று தலைப்புச் செய்தி போடுவது அதனால்தான் ஆபத்து. பத்து வருடக் கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் எந்தக் குளம் உண்மையிலேயே சீக்காகிக் கொண்டிருக்கிறது என்று தெரியும்.

விவசாயிக்கு இதில் என்ன இருக்கிறது? நத்தைகுத்தி நாரையின் சாப்பாடே நத்தைதான். வயலில் இறங்கும் கொக்கும் அரிவாள் மூக்கனும் பூச்சியையும் புழுவையும் பொறுக்குகின்றன. கூடு கட்டும் குளத்தில் எச்சம் விழுந்து விழுந்து வண்டலே எருவாகிறது. நாங்குநேரி பக்கம் கூந்தன்குளத்துக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அந்த ஊரில் வீட்டுக் கொல்லை மரத்திலேயே நாரை கூடு கட்டும். குஞ்சு பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடி போடமாட்டார்கள். 1994-இல் அது சரணாலயமானது. 2021-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. முக்கூடலுக்குப் பக்கத்தில் திருப்புடைமருதூரிலும் அப்படித்தான். கோயில் வளாகத்து மருத மரங்களில் அடையும் பறவைகளைக் காக்க வேண்டும் என்று ஊர்க்காரர்களே முன்வந்து கேட்டதால் 2005-இல் அந்த இடம் பறவைகள் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. இந்த இரண்டு ஊரிலும் காவல் முதலில் வந்தது, ஆய்வாளர் பின்னால் வந்தார். மற்றக் குளங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. குளத்துக்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களை ஏலம் விடும்போது, எந்த மரத்தில் எத்தனை கூடு இருக்கிறது என்ற கணக்கு கையில் இருந்தால்தான் 'இந்த மூலையை மட்டும் விட்டுவிடுங்கள்' என்று கேட்கவே முடியும்.

இப்போது ஆற்றுக்குள் இறங்குவோம்.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் தாமிரபரணி சுமார் 125 கிலோமீட்டர்தான். எட்டு அணைக்கட்டுகள், 86 ஆயிரம் ஏக்கர் பாசனம், விருதுநகர் மாவட்டம் வரை போகும் குடிநீர்க் குழாய்கள் எல்லாவற்றையும் இந்தச் சின்ன ஆறு சுமக்கிறது. குடிநீர் எப்படி எடுக்கிறார்கள் என்று பலருக்குத் தெரியாது. பெரும்பாலும் ஓடுகிற தண்ணீரை அப்படியே மொண்டு அனுப்புவதில்லை. ஆற்றுப் படுகையில் உறைகிணறு இறக்கி, மணலுக்குள் ஊறி வரும் தண்ணீரை எடுக்கிறார்கள். மணல்தான் முதல் வடிகட்டி. தண்ணீர் மணல் வழியே மெதுவாக நகரும்போது தூசு நின்றுவிடும். அதோடு, மணல் துகள்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்ப் படலம் ஒன்று படிந்திருக்கும். தண்ணீரில் வரும் அழுக்கை அது தின்று தீர்க்கும். படுகையில் மணல் எவ்வளவு கனமோ, எவ்வளவு மெதுவாகத் தண்ணீர் ஊறுகிறதோ, அவ்வளவுக்குச் சுத்தம்.

இதைப் புரிந்துகொண்டால் மணல் அள்ளுவது எதற்காகக் குடிநீர்ப் பிரச்சினை என்பது விளங்கும். அள்ளிக்கொண்டு போவது கட்டடம் கட்டும் பொருள் மட்டும் இல்லை, ஊரின் தண்ணீர் வடிகட்டியும் கூடவே போகிறது. படுகை தாழ்ந்தால் உறைகிணற்றில் நீர்மட்டம் இறங்கும், வாய்க்கால் தலைமதகுக்குத் தண்ணீர் ஏறாது. தோழர் நல்லகண்ணு தொடுத்த வழக்கில் 2010 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணியில் ஐந்து ஆண்டுகளுக்கு மணல் அள்ளத் தடை விதித்தது. அந்தத் தீர்ப்பை நம் ஊர் எவ்வளவு நன்றியோடு நினைத்தாலும் தகும்.

மணலைக் காப்பாற்றினாலும் சாக்கடை பிரச்சினை அப்படியே நிற்கிறது. கழிவுநீர் கலந்த தண்ணீரில் எதை அளக்கிறார்கள்? முக்கியமாக இரண்டு. தண்ணீரில் இருக்கும் அழுக்கைத் தின்ன நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டியிருக்கிறது என்பது ஒன்று. குளிக்கத் தகுந்த ஆற்றில் அது லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. மனித மலத்திலும் கால்நடைச் சாணத்திலும் இருந்து வரும் கோலிஃபார்ம் பாக்டீரியா இன்னொன்று. 100 மில்லிலிட்டரில் 500-க்குள் இருந்தால் நல்லது, 2,500 என்பது கடைசி எல்லை. இந்த எண்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அறிக்கைகளில் வருகின்றன. நீதிமன்றத்துக்குப் போகின்றன. 2024 நவம்பரில் மதுரைக் கிளை நீதிபதிகளே நேரில் வந்து ஆற்றில் சாக்கடை விழும் இடங்களைப் பார்த்தார்கள். ஆனால் படித்துறையில் துணி துவைக்கிற அம்மாவுக்கு அந்த எண் தெரியாது. படித்துறையில் எந்தப் பலகையிலும் அது எழுதியில்லை.

எண்ணை விட வேகமாக வேலை செய்த ஒரு பொருளை நான் பார்த்திருக்கிறேன். கிராமங்களில் தண்ணீர் பரிசோதிக்கக் கொடுக்கும் சின்ன பாட்டில் ஒன்று உண்டு. உள்ளே ஒரு மருந்து தடவியிருக்கும். தண்ணீரை ஊற்றி மூடி வைத்தால், மலக்கிருமிகளோடு சேர்ந்து வாழும் பாக்டீரியா இருந்தால் ஒன்றிரண்டு நாளில் தண்ணீர் கறுத்துவிடும். ஒரு முறை பள்ளிப் பிள்ளைகளோடு ஒரு படித்துறையில் இரண்டு பாட்டில் நிரப்பினோம். ஒன்றில் ஆற்றுத் தண்ணீர், ஒன்றில் தெருக்குழாய்த் தண்ணீர். படித்துறைக்கு எதிர்வீட்டு ஆச்சிதான் திண்ணையில் வைத்துப் பார்த்துக்கொண்டார். மறுநாள் சாயங்காலம் போனால் ஆற்றுப் பாட்டில் மை மாதிரி கறுப்பு. குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் அப்படியே தெளிவாக இருந்தது. ஆச்சி இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதையா நான் வாயில வச்சுக் கொப்பளிச்சேன்?" என்றார். அதற்கப்புறமும் அவர் ஆற்றில்தான் குளிக்கிறார். வாய் கொப்பளிப்பது மட்டும் வீட்டுத் தண்ணீரில். அந்தத் தெருவில் இன்னும் பல பேர் அப்படி மாறினார்கள்.

தாமிரபரணிப் பக்கம் சிவகளையில் தோண்டியெடுத்த முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லுக்கு ஏறத்தாழ 3,200 வயது என்று 2021-இல் அறிவித்தபோது நாம் எல்லோரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டோம். நானும்தான். அதே ஆற்றில் இன்று 100 மில்லிலிட்டரில் எத்தனை கோலிஃபார்ம் என்பதும் ஆய்வகம் சொல்லும் எண்தான். அதையும் அதே அக்கறையோடு ஊர் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். மாதா மாதம் படித்துறைச் சுவரில் பெயின்டால் எழுதினால் போதும். செலவு ஒன்றும் பெரிதில்லை.

ஆற்றுக்குள் இருக்கிறவர்களையும் மறக்க முடியாது. தாமிரபரணியின் பெயரையே தன் அறிவியல் பெயரில் சுமக்கும் ஒரு கெண்டை மீன் உண்டு. 1950-களில் விவரிக்கப்பட்டது, வேறு ஆற்றில் இயற்கையாகக் கிடையாது. ஆண் மீனுக்கு முதுகுத் துடுப்பில் நூல் நூலாக நீட்டிக்கொண்டிருக்கும். இன்று அது அழியும் ஆபத்தில் உள்ள மீன்களில் ஒன்று. ஆழ்வார்குறிச்சியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் மையம் இருப்பதும், அங்கிருந்து ஆற்று மீன்களைப் பற்றி வேலை நடந்ததும் நமக்குக் கிடைத்த பாக்கியம். ஆற்றங்கரையிலேயே ஆய்வகம் எல்லா ஆற்றுக்கும் வாய்ப்பதில்லை.

உடம்புக்கும் தண்ணீருக்கும் உள்ள கணக்கை 2012 டெங்கு நமக்கு அடித்துச் சொன்னது. அந்த வருடம் தமிழ்நாட்டில் மிக மோசமாக அடிபட்டது அப்போதைய ஒன்றுபட்ட திருநெல்வேலி மாவட்டம். கடையநல்லூர் பக்கம் வீட்டுக்கு வீடு காய்ச்சல். டெங்கு கொசு சாக்கடையில் வளர்வதில்லை, வீட்டுக்குள் பிடித்து வைத்த நல்ல தண்ணீரில்தான் வளரும் என்பது கொசுவைப் பின்தொடர்ந்து பார்த்தவர்கள் கண்ட உண்மை. நான்கு நாளைக்கு ஒரு முறை குழாயில் தண்ணீர் வந்தால் என்ன செய்வார்கள்? குடம், டிரம், சிமெண்ட் தொட்டி எல்லாவற்றிலும் பிடித்து வைப்பார்கள். முட்டையிலிருந்து கொசு பறக்க எட்டு, பத்து நாள் ஆகும். வாரம் ஒரு முறை தொட்டியைக் காயப்போடச் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

இதில் பலரும் விட்டுவிடும் ஒரு விஷயம்: தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தொட்டிச் சுவரில் முட்டை ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக் கணக்கில் சாகாது, மறுபடி நனைந்தால் பொரிக்கும். தேங்காய் நார் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டும். சரி, இதையெல்லாம் வீட்டுப் பெண்கள் தலையில் கட்டிவிட்டு நகர்ந்துவிடுவது நியாயமா? குழாய்த் தண்ணீர் முறையாக வந்தால் பிடித்து வைக்க வேண்டிய அவசியமே குறையும். டெங்குவைக் கொசு மருந்துக் கணக்கில் மட்டும் எழுதாமல் குடிநீர் வாரியத்தின் கணக்கிலும் எழுத வேண்டும் என்பதுதான் அந்த ஆய்வுகளிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம்.

வெள்ளத்துக்கு வருகிறேன். மழை வலுத்தால் நெல்லைக்காரர்கள் போனில் கேட்கும் முதல் கேள்வி, "குறுக்குத்துறை கோயில் முங்கிட்டா?" என்பதுதான். ஆற்றுக்குள்ளேயே நிற்கும் அந்த முருகன் கோயில்தான் நமக்கு அளவுகோல். மண்டபம் வரை தண்ணீர் என்றால் ஒரு கணக்கு, கோபுரம் மட்டும் தெரிகிறது என்றால் வேறு கணக்கு. 1992 வெள்ளத்தைப் பார்த்தவர்கள் வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற உயரத்தை இன்றும் காட்டுவார்கள். நம் மனதில் வெள்ளம் என்றால் பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகள் நிரம்பி ஆறு பொங்குவது.

2023 டிசம்பர் 17, 18 அந்த நினைப்பையே புரட்டிப் போட்டது. மலையில் கொட்டியது போதாதென்று, கடற்கரைச் சமவெளியில் கொட்டித் தீர்த்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர். ஒரு வருடம் முழுவதும் அங்கே பெய்வதை விட அதிகம். குளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. ஆறு போகாத ஊரிலும் தண்ணீர் வீடு ஏறியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்று, நூற்றுக்கணக்கான பயணிகள் வெளியே வர வழியில்லாமல் தவித்தார்கள். குறுக்குத்துறையைப் பார்த்துக்கொண்டிருந்த கண்களுக்குப் பின்னால், கீழே குளங்களில் நடந்தது தெரியவில்லை.

நாலுமுக்கு, ஊத்து, காக்காச்சி, மாஞ்சோலை என்று மலையில் பெய்த மழை தினமும் பேப்பரில் வருகிறது. அணை எத்தனை அடி என்று டீக்கடையில்கூடச் சொல்வார்கள். ஆனால் ஒரு குளம் எத்தனை மணிக்கு நிரம்பி வழிந்து மறுகால் போனது, அடுத்த குளத்துக்கு அந்தத் தண்ணீர் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆனது, எந்தக் கரை எந்த இடத்தில் உடைந்தது என்ற கணக்கை எழுதி வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. சங்கிலிபோல ஒன்றுக்குள் ஒன்று வடியும் குளங்களுக்கு அதுதான் தேவையான ஆய்வு. அதைச் செயற்கைக்கோள் படத்தில் பாதி பார்க்கலாம். மீதி நீர்பாய்ச்சிகளின் தலைக்குள் இருக்கிறது.

மேலே காட்டைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். காக்காச்சியில் மழைக்காட்டு மரங்கள் எந்த மாதம் பூக்கின்றன, காய்க்கின்றன என்று ஆய்வாளர்கள் 1990-களிலிருந்து பார்த்து எழுதியிருக்கிறார்கள். பழம் அரிதான மாதங்களில் வெடிப்பலா மரத்தின் சதைப்பற்றான பூக்கள்தான் சிங்கவால் குரங்குக்கும் மலையணிலுக்கும் வௌவாலுக்கும் சாப்பாடு என்பது அப்படிப் பல வருடம் மரத்தடியில் காத்திருந்ததால் தெரியவந்தது. ஒரு மரத்தை வெட்டினால் எத்தனை வயிறு காயும் என்று இன்று சொல்ல முடிகிறது. நாங்குநேரியில் பிறந்த ஜான்சிங் சின்ன வயதில் நம் மலைகளில் நடந்து திரிந்தவர். செந்நாயை ஆராய்ந்து நாடறிந்த காட்டுயிர் அறிஞரானார். 2024-இல் இறக்கும்வரை களக்காடு முண்டந்துறையின் பேரை அவர் சொல்லாத இடமில்லை.

அதே மலையின் கேரளச் சரிவில் 1987-இல் நடந்தது கணக்கு திரும்பி வருவதற்கு நல்ல உதாரணம். தாவரவியல் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டப் போன காணிப் பழங்குடிகள் ஏதோ ஒரு காயை மென்றுகொண்டே சோர்வில்லாமல் மலையேறினார்கள். அது ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் காய். அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து வந்தபோது, உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. நடைமுறையில் தகராறுகள் வந்தன என்றாலும், அறிவைக் கொடுத்தவருக்குப் பங்கு உண்டு என்று ஒரு ஆய்வு நிறுவனம் ஏற்றுக்கொண்டது பெரிய காரியம்.

அந்தக் குளத்துக்கரைப் பெரியவர் போகவில்லை. மொத்தம் எவ்வளவு வந்தது என்று கேட்டார். சொன்னேன். "நாமக்கோழி இன்னும் கூட வரணுமே. அந்தால அமலைக்குப் பின்னால பார்த்தீயளா?" என்றார். பார்க்கவில்லை. கரையைச் சுற்றி அவர் பின்னாலேயே நடந்தோம். அமலைக்கு அந்தப் பக்கம், நாங்கள் நின்ற இடத்திலிருந்து தெரியாத ஒரு ஓடையில், இன்னும் 63 இருந்தன.

திரும்பும்போது மடைக்குப் பக்கத்தில் இருந்த பம்புசெட் அறையைக் காட்டினார். உள்சுவரில் கரித்துண்டால் வருடமும் தேதியும் வரிசையாக எழுதியிருந்தது. குளம் மறுகால் போன நாட்கள். சில வருடங்களுக்கு நேரே வெறும் கோடு. அந்த வருடம் குளம் பெருகவில்லை. 2023-க்கு நேரே தேதியோடு மணியும் எழுதியிருந்தார். நான் போனில் படம் எடுத்துக்கொண்டேன். அவர் கீழே கிடந்த கரித்துண்டை எடுத்து, இந்த வருடத்துக்கு நேரே மறுகால் தேதிக்குப் பக்கத்தில், "நாமக்கோழி எத்தனை சொன்னீய, எல்லாம் சேத்து?" என்று கேட்டு, அந்த எண்ணையும் எழுதினார்.